அனுமதி இலவசம் – மணலி புதுநகருக்கும் சேர்த்தா?

"அனுமதி இலவசம். அனைவரும் வருக."

சென்னையில் நவீன நடனம், நிகழ்த்துகலை, ஓவியக் கண்காட்சி என்று எதற்கு அழைப்பிதழ் அடித்தாலும் கடைசி வரியில் பெரும்பாலும் இது இருக்கும். நல்ல மனதோடு எழுதுகிற வரிதான். ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை காமர்ஸ் படிக்கிற பிள்ளைகள் அவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டார்கள். முதல் வருடத்திலேயே வாய்ப்புச் செலவு என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கையிலிருந்து ரூபாய் போகவில்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று ஆகிவிடாது. ஒன்றை அடைய வேறு எதை விட்டுக்கொடுக்கிறோமோ, அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

சரி, எழுதித்தான் பார்ப்போமே.

நிகழ்ச்சி பெசன்ட் நகரில் மாலை ஆறரை மணிக்கு. பார்க்க விரும்புகிறவர் மணலி புதுநகரில் இருக்கிறார். நேர்க்கோடு போட்டு அளந்தாலே இருபது கிலோமீட்டருக்கு மேல். சாலை வழியாக இன்னும் கூடுதல். மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடும், அது வந்ததே 2021-22-ல்தான். எப்படிப் போனாலும் ஒரு பஸ் மாற வேண்டும், பெரும்பாலும் இரண்டு. நடுவில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பஸ் எப்போது நகரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆக, நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கு அது அரை நாள் சம்பளம். நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது ராத்திரி பதினொன்று. பெண்ணாக இருந்தால் கடைசிப் பஸ்ஸைப் பற்றிய பயம் நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போதே வந்துவிடும். அதற்கு மேல் ஆட்டோ வைத்தால் அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு சினிமாவே பார்த்துவிடலாம்.

இவ்வளவும் கூட்டினால் சென்னையிலேயே விலை அதிகமான டிக்கெட் இந்த இலவச டிக்கெட்தான்!

போகட்டும். கஷ்டப்பட்டு ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அரங்கில் மங்கலான வெளிச்சம். தரையில் ஒரு உடல் கிடக்கிறது. பாட்டு இல்லை, சலங்கை இல்லை, கதை இல்லை. ஒரு கை மெல்ல மெல்ல எழுகிறது. எழுந்து முடிக்கவே ஐந்து நிமிடம். ஒரு மணி நேரம் கழித்துக் கைதட்டல். பிறகு கேள்வி நேரம், ஆங்கிலத்தில். ஊர் திரும்பியதும் வீட்டில் கேட்பார்கள்: "டான்ஸ் எப்படி இருந்துச்சு?" பதில்: "எங்க ஆடினாங்க? கடைசி வரைக்கும் ஆடவே இல்ல."

இந்த இடத்தில் இரண்டு கோஷ்டிகள் கிளம்பி வரும். முதல் கோஷ்டி, "இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, ஏசி அறையில் உட்கார்ந்து புரிந்த மாதிரி தலையாட்டுவது, சாதாரண ஜனங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்கும். இரண்டாவது கோஷ்டி கொஞ்சம் நாசூக்கானது. "இதைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி வேண்டும், எல்லோருக்கும் வாய்க்காது" என்று பெருமூச்சு விடும். முதலாமவர் ஜனங்கள் பக்கம் நிற்பது போலவும், இரண்டாமவர் கலையின் பக்கம் நிற்பது போலவும் தோன்றும். ஆனால் இருவரும் சொல்லி முடிப்பது ஒரே விஷயத்தைத்தான்: மணலி புதுநகர்க்காரர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் இல்லை.

இது சரிதானா என்று பார்க்க, கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும்.

நவீன நடனம் என்றதும் பலர் நினைப்பது போல அது சென்னைக்கு வெறுமனே வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கு இல்லை. இந்த ஊரில் அதற்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் சந்திரலேகா. 1928-ல் மகாராஷ்டிராவில் பிறந்தவர், சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர், 2006 டிசம்பரில் இறக்கும்வரை பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்தில் வாழ்ந்தவர். அவருடைய அரங்கேற்றம் 1952-ல், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. அதில் அவர் ஆடிய ஓர் உருப்படி யமுனை நதியின் நீர் வளத்தை, நீர் விளையாட்டை அபிநயிப்பது. மேடையில் கைகள் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளிக்கும்போது, நிதி திரட்டப்படுகிற மண் வெடித்துக் கிடக்கும் படங்கள் அவர் நினைவுக்கு வந்தனவாம். கை ஆற்றைக் காட்டுகிறது, மனம் வறண்ட நிலத்தைப் பார்க்கிறது. கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் இப்படி ஒரு பிளவு இருப்பதை அன்றுதான் உணர்ந்ததாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேள்வியோடு நடனத்தை விட்டு வெகுதூரம் போனவர், 1985-ல் 'அங்கிகா' என்ற படைப்போடு திரும்பி வந்தார். பரதம், களரிப்பயட்டு, யோகா மூன்றையும் ஒரே மேடையில் வைத்தார். நகையும் பட்டும் கடவுள் கதையும் கழன்றுகொண்டன. மிச்சம் இருந்தது உடல். அது எப்படி நிற்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, எப்படித் தரையை மிதிக்கிறது என்பதே விஷயமானது. பாஸ்கராச்சாரியாரின் கணித நூலை வைத்து 1989-ல் 'லீலாவதி' செய்தார். கணக்கை வைத்து ஒரு நடனம்! (கணக்கென்றால் ஓடுகிற பிள்ளைகள் கவனிக்க.) அவருடைய குழுவில் பத்து வருடம் ஆடிய பத்மினி செட்டூர் பிறகு தனியாகத் தன் படைப்புகளை உருவாக்கினார். ப்ரீத்தி ஆத்ரேயா போன்றவர்கள் இந்தப் பாதையை வேறு பக்கங்களுக்கு நீட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சென்னையின் நவீன நடனம் முளைத்த கேள்விகளில் ஒன்று தண்ணீரைப் பற்றியது. நிவாரண நிதிக்காக ஆடும்போது, நிவாரணம் யாருக்குப் போகிறதோ அவர்களின் உண்மை மேடையில் இல்லையே என்ற உறுத்தல் அது.

இப்போது மணலி புதுநகருக்கு வரலாம். அங்கே தண்ணீருக்கு என்ன அபிநயம்?

சந்தேகம் இருந்தால் அங்கே போய் யாரிடமாவது வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசும். "இவ்ளோ தண்ணி" என்று சொல்லும்போது உள்ளங்கை தரையைப் பார்த்தபடி முழங்காலுக்கோ இடுப்புக்கோ நெஞ்சுக்கோ வந்து நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு ஓர் உயரம். 2021 நவம்பரில் பூண்டி ஏரி உபரிநீர் திறக்கப்பட்டு கொசஸ்தலை ஆறு ஊருக்குள் வந்ததே, அதற்கு ஓர் உயரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு இன்னோர் உயரம். சிலர் வீட்டுச் சுவரிலேயே கையை வைத்துக் காட்டுவார்கள். அந்த இடத்தில் பெயின்ட் நிறம் மாறியிருக்கும். பரதத்தில் முத்திரைக்கு ஒரு பெயர், ஒரு அர்த்தம், ஒரு பயிற்சி உண்டு. இந்த முத்திரைக்குப் பெயர் கிடையாது, பயிற்சி மட்டும் மூன்று முறை நடந்திருக்கிறது.

"புரிந்துகொள்ளப் பயிற்சி வேண்டும்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கையை ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு கை மெல்ல எழுந்து இடுப்பில் நிற்பதன் பொருள் பெசன்ட் நகர் அரங்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும்?

அடுத்த விஷயம், கலை வடசென்னைக்கு வருவதே இல்லையா என்பது. வருகிறதே! நிறையவே வருகிறது. கேமராவோடு வருகிறது.

புகைபோக்கிகள், சாம்பல் படிந்த சதுப்பு, துருப்பிடித்த கன்டெய்னர், அந்தி வெளிச்சத்தில் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர்... இவற்றைவிட நல்ல பின்னணி எந்த ஊரில் கிடைக்கும்? சினிமாக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். ரவுடி வேண்டுமா, துரத்தல் காட்சி வேண்டுமா, காசிமேட்டிலும் எண்ணூரிலும் கேமராவை வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புகைப்படக் கலைஞர்களும் வருகிறார்கள். எடுத்த படம் தென்சென்னையிலோ டெல்லியிலோ ஒரு வெள்ளைச் சுவரில் தொங்குகிறது. படத்தில் இருப்பவர் அந்தச் சுவரைப் பார்ப்பதே இல்லை.

வணிக வரலாறு படித்தவர்களுக்கு இது பழக்கமான கதை. பருத்தி இங்கிருந்து கப்பலேறிப் போனது, துணியாக லங்காஷயரிலிருந்து திரும்பி வந்தது, விற்ற விலையில் லாபம் அங்கே நின்றது. கலை விஷயத்தில் மணலியும் எண்ணூரும் அந்தப் பருத்திக்காடு மாதிரி. மூலப்பொருள் இங்கே, தயாரிப்பும் விற்பனையும் வேறு இடத்தில். ஒரே ஒரு வித்தியாசம், அன்றைக்குத் துணியாவது திரும்பி வந்தது. இங்கே அதுவும் வருவதில்லை.

எல்லோரையும் ஒரே தராசில் போடுவது அநியாயம். 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' இதில் தனி ரகம். கபேர் வாசுகி எழுதியதை டி.எம்.கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடினார். எண்ணூரிலேயே படமாக்கினார்கள். சென்னைத் தமிழ், சபாவில் கேட்கிற ராகங்களுக்குள் உட்கார்ந்தது. எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறிக்கும் 'புறம்போக்கு' எப்படித் திட்டும் சொல்லானது என்று அந்தப் பாட்டு கேட்டது. எண்ணூரில் காலம்காலமாகப் போராடுகிறவர்களின் வாதத்தை, அதுவரை அந்தப் பக்கம் காது கொடுக்காத வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இது சின்ன விஷயமில்லை. அதே மாதம் 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, எண்ணூர் எங்கே இருக்கிறது என்று கூடுதலாகச் சில பேருக்காவது தெரிந்திருக்கும்.

அந்த எண்ணெயை எப்படி அள்ளினார்கள் என்பது நினைவிருக்கிறதா? பக்கெட்டில்! கரையில் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மறுபடியும் அதே காட்சி. மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளநீரோடு கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகிலிருந்து குனிந்து மக்கிலும் வாளியிலும் எண்ணெயை வழித்தார்கள். கறுத்துப்போன கைகள், எண்ணெய் பூசிய கூழைக்கடாக்கள். அந்தப் படங்கள் நாடு முழுவதும் போயின.

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி. அந்தப் படங்களில் சில அழகாக இருந்தன. உண்மையாகவே அழகு. குனிந்து நிமிரும் உடல்களின் ஒழுங்கு, கறுப்பு நீரில் விழும் வெளிச்சம் எல்லாமே ஒரு நடன அமைப்பு மாதிரி இருந்தது. வயிற்றுப் பிழைப்பு போன ஒருவரின் குனிந்த முதுகில் அழகைப் பார்ப்பது பாவமா?

பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள், அவ்வளவுதான். கதை கிடையாது, பெயர் கிடையாது. நான்கு முதுகுகளும் எட்டுக் கால்களும்தான் விஷயம். நவீன நடனம் உடலைப் பற்றிச் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதியை அந்த வெண்கலம் அப்போதே சொல்லிவிட்டது. அதைப் பார்த்து, "கஷ்டப்படுகிறவனை அழகாகக் காட்டிவிட்டார்களே" என்று யாரும் கோபப்படுவதில்லை. ஏன்? அது நிற்கிற இடம் அப்படி. பட்டாணி சுண்டல் விற்கிறவரும் பார்க்கிறார், கோட்டைக்குப் போகிற மந்திரியும் பார்க்கிறார். மூட்டை தூக்கிவிட்டு வந்து மணலில் படுத்திருப்பவர் தலையைத் திருப்பினால் தன்னைப் போல ஒருவரை அங்கே பார்க்கலாம்.

ஆக, அழகைப் பார்ப்பதில் தப்பில்லை. யாருடைய உடலிலிருந்து அந்த அழகு எடுக்கப்பட்டதோ, அவருக்கு அதைப் பார்க்கவும், பிடிக்கவில்லை என்று சொல்லவும் இடம் இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டியது. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரில் கழுத்தளவு அமர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அந்த அசைவை எடுத்து யாராவது அற்புதமான ஒரு நடனம் அமைக்கலாம். அமைக்கட்டும். ஆனால் பார்வையாளர் வரிசையில் அவர்கள் இருந்தால் அந்த நடனம் கொஞ்சம் வேறு மாதிரி அமையும். "கை அப்படிப் போனா இறால் ஓடிடும்மா" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருப்பார்!

"அதெல்லாம் சரி, அங்கே நடத்தினால் யார் வருவார்கள்?" என்பது அடுத்த கேள்வி.

மணலி புதுநகரில் கூட்டம் கூடுமா என்று கேட்பவர் புரட்டாசியில் அய்யா வைகுண்ட தர்மபதியின் பத்து நாள் திருவிழாவுக்கு ஒருமுறை போய்வரலாம். தேரோட்டத்தன்று தெரு கொள்ளாது. ஒரு பெரிய பொருளை நூற்றுக்கணக்கான உடல்கள் ஒரே மூச்சில் நகர்த்துவதும், அதைப் பல்லாயிரம் கண்கள் பார்ப்பதும் நிகழ்த்துகலை இல்லையென்றால் வேறு எது நிகழ்த்துகலை? பக்திக்காக வருகிறார்கள் என்பது உண்மை. பார்ப்பதற்காகவும் வருகிறார்கள் என்பதும் உண்மை. திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து பார்க்கிற பழக்கம் இன்னும் போய்விடவில்லை. வடசென்னையில் சாவு வீட்டில் பாடப்படும் மரண கானாவும் மேளத்துக்கு ஆடுகிற ஆட்டமும், துக்கத்தை உடலால் எப்படித் தாங்குவது என்பதற்கான கலைகள். அதற்கு அழைப்பிதழும் இல்லை, கேள்வி நேரமும் இல்லை.

'கதை இல்லாத உடல் அசைவு ஜனங்களுக்குப் பிடிக்காது' என்பதும் வெறும் ஊகம்தான். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது ஜனங்கள் யாரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்? டான்சிங் ரோஸை! ஷபீர் கல்லரக்கல் அந்த வளையத்துக்குள் துள்ளியதற்கும் தோளை உலுக்கியதற்கும் யாராவது அர்த்தம் கேட்டார்களா? கால் தரையைத் தொடுகிற விதத்தைப் பார்த்தே விசிலடித்தார்கள். நவீன நடனம் கேட்கிற பார்வையும் கிட்டத்தட்ட அதுதான்.

மேடைக்காரர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. 1977-ல் ந.முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதற்குப் பின்னால் புரிசைக் கூத்து அவரிடம் ஏற்படுத்திய அதிர்ச்சி இருந்தது. நவீன நாடகம் கிராமத்து ராத்திரிகளிடம் கடன் வாங்கித்தான் வளர்ந்தது. 2015-ல் பெசன்ட் நகருக்குப் பக்கத்திலேயே ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியபோது, மீனவக் குப்பத்து மேடையில் கர்நாடக சங்கீதமும் பரதமும் பறையும் ஒன்றாக ஏறின. குப்பத்து ஜனங்கள் வந்தார்கள், சபா ரசிகர்களும் வந்தார்கள். அந்த விழாவின் மீது விமர்சனங்கள் உண்டு. ஆனால் 'வர மாட்டார்கள்' என்ற சாக்கு அன்றோடு செத்துப்போனது.

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது, அது கொஞ்சம் கனமானது. "மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர், வெயிலடித்தால் காற்றில் புகை. வடிகால் கேட்கிற ஊருக்குப் போய் நடனம் போடுவதா?" 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. நகரின் பல மூலைகளிலிருந்து வேரோடு பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்ட மக்கள் அவர்கள். பெயின்ட் அடித்தால் பிரச்சினை தீருமா?

தீராது. ஓவியம் குழாயில் தண்ணீர் வரவழைக்காது. கலையைக் காட்டி வடிகாலைத் தள்ளிப்போடுகிற யாரையும் விடக் கூடாது. ஆனால் இந்த வாதத்தைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். "முதலில் எல்லாப் பிரச்சினையும் தீரட்டும், பிறகு நடனம் பார்க்கலாம்" என்று பெசன்ட் நகரிடம் யாராவது சொன்னதுண்டா? அங்கே சாலையும் வேண்டும், சபாவும் வேண்டும். இங்கே மட்டும் வடிகால் வரும்வரை மனிதர்கள் வெறும் வயிறாகவும் நுரையீரலாகவும் காத்திருக்க வேண்டுமா? கண்ணகி நகர் ஓவியங்களைப் பற்றி ஆயிரம் குறை சொன்னாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் முதல் பார்வையாளர் அங்கே துணி காயப்போடுகிறவர். அவருக்கு அது பிடிக்காமல் போனால் தினமும் திட்டலாம். அதற்கு அவர் முப்பது கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

அப்படியென்றால் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய திட்டம், மானியம், கலாச்சார மையம் என்று எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வழக்கம் போதும்: எந்த ஊரைப் பற்றிய படைப்போ, அதன் முதல் காட்சி அந்த ஊரில். எண்ணூர்ச் சாம்பலை வைத்து ஒரு நிகழ்ச்சியா? முதலில் எண்ணூரில். வெள்ளத்தைப் பற்றிய நடனமா? முதலில் மணலி புதுநகரில். உப்பளத் தொழிலாளியின் படமா? ஃபிரேம் போட்டு டெல்லிக்கு அனுப்புவதற்கு முன்னால் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு நாள் தொங்கட்டும்.

செலவுக் கணக்கு போட்டால் இது ஒன்றும் பயமுறுத்துகிற தொகை இல்லை. ஒரு பள்ளி மைதானம், ஒரு ஷாமியானா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. ப்ரீத்தி ஆத்ரேயாவின் குதித்தல் படைப்பு ஒன்று இருக்கிறது. பத்துப் பேர் ஒரு சதுரத்துக்குள் திரும்பத் திரும்பக் குதிப்பார்கள், ஜனங்கள் சுற்றிலும் நிற்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்குச் சமதளமான தரை போதும். மணலியின் சின்னப் பையன்கள் பார்த்துவிட்டு ஓரத்தில் தாங்களும் குதிக்க ஆரம்பித்தால் அதைவிட நல்ல கைதட்டல் கிடையாது. பத்து நடனக் கலைஞர்கள் ஒரு வேனில் வடக்கே வருவது செலவு குறைவா, இருநூறு பேர் இரண்டு பஸ் மாறித் தெற்கே போவது செலவு குறைவா? கணக்குப் பாடத்தில் பார்டரில் பாஸ் ஆனவரும் விடை சொல்லிவிடுவார்.

தொந்தரவுகள் இருக்கும். லாரி ஹாரன் அடிக்கும். கொசு கடிக்கும். கரண்ட் போகலாம். நாய் ஒன்று மேடையைத் தாண்டி ஓடும். நடனக்காரருக்கு மௌனம் வேண்டிய நேரத்தில் ஒரு குழந்தை "அம்மா, அந்த அக்கா ஏன் எழுந்திருக்கவே மாட்டேங்குறாங்க?" என்று சத்தமாகக் கேட்கும். இவையெல்லாம் நிகழ்ச்சியைக் கெடுக்கிற விஷயங்கள் என்று நினைத்தால் வர வேண்டாம். அந்தக் குழந்தையின் கேள்வி, அரங்கில் ஆங்கிலத்தில் கேட்கப்படும் பல கேள்விகளைவிட நேரானது. அதற்குத் தமிழில் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

தோற்றுப்போகவும் தயாராக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போனால் அதுவும் ஒரு விமர்சனம். கூத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை, ஜனங்கள் தூங்கினால் கட்டியங்காரனை இறக்கிவிட்டு எழுப்புவார்கள். 'புரியவில்லை' என்ற சொல்லைக் கேட்டதும் பார்வையாளருக்குப் பாடம் எடுக்கக் கிளம்பாமல், எந்த இடத்தில் கை நழுவியது என்று ஒத்திகைக்குத் திரும்புகிற பழக்கம் நவீன நடனத்துக்கும் வரலாம். மூன்று நாள் ஒர்க்‌ஷாப், சான்றிதழ், குரூப் போட்டோ என்ற வகை தர்ம காரியம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஊர் மறுபடியும் பின்னணியாகிவிடும், இந்த முறை சிரித்த முகத்தோடு.

சந்திரலேகா 1952-ல் மேடையில் நின்றபடி உணர்ந்த அந்தப் பிளவு, சென்னை மேடையில் இன்னும் முழுதாக மூடப்படவில்லை. கை ஒரு தண்ணீரைக் காட்டுகிறது, ஊரில் வேறு தண்ணீர் ஓடுகிறது. அதை மூட நடனக்காரர்களால் மட்டும் முடியாது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்து, "இது அப்படி இல்ல, இப்படி" என்று சொன்னால்தான் முடியும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு மணலி புதுநகரில் மறுபடியும் தரையில் கிடக்கும் பொருட்களை அலமாரி மேலே ஏற்றுவார்கள். தண்ணீர் வந்து வடிந்தபின் யாராவது கேட்டால், உள்ளங்கை கீழ்நோக்கி எழுந்து ஓர் உயரத்தில் நிற்கும். அதை ஒரு நடனம் எடுத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. முதல் வரிசையில் மட்டும் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும், பஸ் மாறாமல், சம்பளம் போகாமல், வீட்டிலிருந்து நடந்தே வந்து. அன்றைக்கு அந்த அழைப்பிதழில் 'அனுமதி இலவசம்' என்று தாராளமாக அடிக்கலாம். கணக்கு சரியாக இருக்கும்.